காட் எ மினிட்

அவள் புருஷன் ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்புகிற மேனேஜர். அதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தான். மேஜைப் பக்கம் போய், "காட் எ மினிட்?" என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்பான். கேட்கப்பட்டவர் எழுந்து அவன் பின்னாலேயே கண்ணாடி அறைக்குப் போவார். அத்தோடு அவர் சீட்டு கிழிந்தது. நம் பாஷையில் கூப்பிட்டால் சண்டைக்கு நிற்பார்கள், இதற்கு வாயடைத்துப்போவார்கள் என்று சாப்பிடும்போது அவளிடம் பீற்றிக்கொள்வான். ஒரு நிமிஷமாம். அந்த நிமிஷத்தில் ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

ஒரு வாரமாக ஆள் சரியில்லை. போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தினமும் மாப்பிள்ளை மாதிரி மடிப்புக் கலையாத சட்டை, சென்ட் வேறு. ஆபீஸ் நேரத்தில் அவனை ஏதோ காபிக் கடையில் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கூட யாராவது இருந்தார்களா என்று கேட்க இவளுக்கு நாக்கு எழவில்லை. வீட்டிலேயே துணி தைப்பவள், அந்த வாரம் ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவன் மிஷின் பக்கத்தில் வந்து நின்றான்.

"காட் எ மினிட்?"

வீட்டில் ஒருநாளும் அப்படிக் கேட்டவனில்லை. கட்டினவளையும் அதே மாதிரி அனுப்பிவிடலாம் என்று நினைத்தானா? எழுந்தால்தானே முடிந்தது? அவள் எழவில்லை.

"இங்கயே சொல்லுங்க. யாரு அவ?"

"எவ?" திருதிருவென்று முழித்தவன், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "போன வாரம் என்னையே கூப்பிட்டுட்டாங்க. வேலை போச்சு. தினமும் இன்டர்வியூவுக்குத்தான் அலையறேன். உன்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. வாயில அதுதான் வந்துச்சு."

"அப்பாடா" என்றாள் அவள்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அப்புறம்தான் மண்டையில் ஏறின. அதற்குள் அவன் முகம் சுண்டிவிட்டது.

"வேலை போனதுக்கா அப்பாடாங்கற?"

"நீங்க போகலையே" என்றாள். "அதுக்கு."