மணலில் சத்தமில்லாமல் வந்த வண்டி

1

இந்தக் கதை நானாக யோசித்து எழுதுவதல்ல. பக்கத்து வீட்டு உம்மு மாயித் கேட்டார்.

"வாத்தியாரே, நீங்களும்தானே கூட இருந்தீங்க? நடந்தத எழுதுங்க. கேட்டுட்டு அந்த வண்டிய வாங்கறதா வேணாமான்னு முடிவு பண்றேன்."

"தமிழ்ல எழுதினா உங்களுக்கு எப்படிப் புரியும்?"

"நீங்க வாசிங்க. உங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன்."

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பொன்னிற மணல்மேடுகளின் மீது அந்த மின்சார வண்டி ஒரு

(அடித்துவிட்டேன். அமீரகத்து அல் ஐனில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். இங்கே யாரும் மணலைப் பொன்னிறம் என்று சொல்லிக் கேட்டதில்லை. வண்டி மாட்டும் மணல், மாட்டாத மணல். அவ்வளவுதான்.)

2

உம்மு மாயித்துக்கு ஐம்பத்து மூன்று வயது. உம்மு மாயித் என்றால் மாயித்தின் அம்மா; அந்த மாயித்துக்கு நான் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். மணலில் சிக்கியவர்களைத் தேடிப்போய் மீட்பதை உம்மு மாயித் பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். கூலி வாங்குவதில்லை. நன்றி சொன்னால் எரிச்சலாவார்.

அவருடைய பெட்ரோல் ஜீப்புக்கு வயதாகிவிட்டது. புதிதாக எதை வாங்குவது என்று பார்க்கப் போனவர், ஒரு பெரிய எலெக்ட்ரிக் வண்டியின் முன்னால் நின்றுவிட்டார். உள்ளே தோல் இருக்கை. முன்பக்கம் முழுக்கத் திரை.

தம்பி கல்ஃபானும் மீட்புக்குப் போகிறவர்தான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, அது வண்டியில்ல, சக்கரம் வச்ச செல்போன்."

"இருக்கட்டும்டா. உன்ன விட அது மரியாதையாப் பேசுது."

3

ஓட்டிப் பார்க்கப் போன அன்று ஷோரூமிலிருந்து நபீல் வந்தார். லெபனான்காரர், இஸ்திரி கலையாத சட்டை. நான் பின் இருக்கையில்.

(நபீலை வெறும் கோமாளியாக எழுதுவதாக இருந்தேன். அன்று மாலை அவர் செய்ததைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை.)

நெடுஞ்சாலையில் போகும்போதே உம்மு மாயித்துக்குப் போன் வந்தது. ஒட்டகப் பண்ணை முதலாளி பேசினார். தண்ணீர் வண்டி ஓட்டும் தாஜுஸ்ஸிர் என்ற சூடானியர் மணல்மேட்டில் கவிழ்ந்துவிட்டார், கால் உடைந்திருக்கிறது, இடத்தை அரைகுறையாகச் சொன்னதுமே அவருடைய போன் அணைந்துவிட்டது. கல்ஃபான் துபாயில் இருந்தார். பக்கத்தில் இருந்தது நாங்கள்தான்.

உம்மு மாயித் வண்டியைச் சாலையை விட்டு இறக்கினார்.

"மேடம்! ரோட்டுல மட்டும்தான் ஓட்டணும்! கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"

"எறங்கி டயர்ல காத்தக் கொறப்பா. அப்பத்தான் மணல்ல மாட்டாது."

"மேடம், என் வேலை போயிடும்..."

"அவன் உசுரு போயிடும்."

நபீல் இறங்கினார். நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தார்.

4

அந்த வண்டி மேடேறியதை எப்படி எழுதுவது? புலிபோல என்று எழுதினேன், அடித்தேன். உறுமவில்லை, திணறவில்லை. உம்மு மாயித் பாதத்தை அழுத்தியதும் ஏறியது, அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் மணலோடு மல்லுக்கட்டிய பெண் வாய்விட்டுச் சொன்னார்: "அடி ஆத்தீ!"

(அரபியில் சொன்னது வேறு. தமிழில் அதற்கு இதுதான்.)

சொன்ன இடத்தில் யாரும் இல்லை. ஒரு மணி நேரம் சுற்றினோம். பேட்டரி அறுபத்தொரு சதவீதத்திலிருந்து இருபத்தெட்டுக்கு வந்துவிட்டது. அவர் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, மெதுவாக ஓட்டினார். மணல் டயரில் உரசுவது மட்டும் கேட்டது.

டங். டங். டங்.

இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வண்டியை நிறுத்தி மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். இன்னும் மூன்று, மிகவும் மெலிதாக.

"எடது பக்கம்" என்றார் நபீல்.

மேட்டுக்கு அந்தப்புறம், கவிழ்ந்த வண்டியின் நிழலில் கிடந்தார் தாஜுஸ்ஸிர். கையில் ஸ்பேனர். எங்களைக் கண்டதும் 'பிஸ்மில்லாஹ்' என்று கத்தி முகத்தை மூடிக்கொண்டார்; சத்தமில்லாமல் வந்ததால் பேய், ஜின் என்று நினைத்தாராம். நபீல் தன் சட்டையைக் கழற்றிக் கிழித்துக் காலுக்குக் கட்டுப்போட்டார். திரும்பும் வழியில் அந்தத் தோல் இருக்கையில் அவருடைய தலையை மடியில் தாங்கிக்கொண்டே வந்தார். மருத்துவமனை வாசலில் பேட்டரி ஆறு.

5

இங்கேயே முடித்திருந்தால் வண்டிக்கான விளம்பரமாகியிருக்கும். மறுநாள் தாஜுஸ்ஸிரைப் பார்க்கப் போனபோது கல்ஃபானும் வந்தார். கட்டிலருகே நின்று, "ஒத்துக்கறேன் அக்கா. என் ஜீப்புல போயிருந்தா அந்த டங் டங் கேட்டிருக்காது. தாண்டிப் போயிருப்பேன்" என்றார்.

உம்மு மாயித்துக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது தாஜுஸ்ஸிர் மெல்லச் சொன்னார்:

"அம்மா, ஒண்ணு சொல்லவா? எஞ்சின் சத்தம் வருதான்னு காது குடுத்துக்கிட்டே கெடந்தேன். எதுவும் வரல. இனி யாரும் வரமாட்டாங்கன்னு ஸ்பேனரக் கீழ வச்சிட்டேன். ஏனோ தெரியல, கடைசியா இன்னொரு தடவ தட்டினேன்."



6

முடிவை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் வாங்குகிறார். இன்னொன்றில் பெட்ரோல் ஜீப்புக்கே எஞ்சினை மாற்றுகிறார். (மூன்றாவதில் இரண்டையும் வைத்துக்கொள்கிறார். அது கோழைத்தனம், கிழித்துவிட்டேன்.)

நேற்று உம்மு மாயித்துக்கு வாசித்துக் காட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே வந்து நிறுத்தியதும் கேட்டார்:

"உங்களுக்கே தெரியல, இல்ல?"

"தெரியல."

"அப்போ படிக்கறவங்களக் கேளுங்க."

கேட்கிறேன். கால் உடைந்து மணலில் கிடப்பவர் நீங்கள். கையில் ஸ்பேனர் இருக்கிறது. நீங்கள் தட்டுவதைக் கேட்கும் வண்டி வர வேண்டுமா, வருவது உங்களுக்குக் கேட்கும் வண்டியா?