கடைசிக் குதிரை

பெட்ரோனெலா லாயத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சாம்பல் நிறப் பெண்குதிரை வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

"அண்ணி, வழி விடுங்க. சவப்பெட்டியை வண்டியில ஏத்தியாச்சு" என்றான் கொழுந்தன் ஒனுஃப்ரி. "அண்ணன் குதிரைப்படைத் தளபதி. பெட்டிக்குப் பின்னால குதிரை நடக்கலேன்னா ஊர் சிரிக்காதா?"

"நடந்து முடிச்சதும் குதிரை யாருக்கு?"

"கோயிலுக்குத்தான். நம்ம பிரபு வம்சத்துல அதுதானே வழக்கம்."

"அப்போ ஓட்ஸ் விதைக்க ஏரை நீ இழுக்கிறியா?"



ஊரார் சண்டையை விலைக்கு வாங்குவதே அவள் புருஷன் கயேதானுக்குப் பிழைப்பு. இத்தாலிக்காரன் விடுதலைக்கு இரண்டு குதிரைகளை ஓட்டிப் போனான். ஹங்கேரிக்காரன் விடுதலைக்கு மூன்று. ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவன் மட்டும் விலாவில் குண்டோடு எவனுடைய வைக்கோல் வண்டியிலோ வந்து இறங்கினான்.

முந்தாநாள்கூடக் கேட்டான்: "சாம்பல் குதிரை இருக்கா, பெட்ரோ?"

"வித்துட்டேன்."

எழுந்தால் மறுபடி போய்விடுவான் என்று குதிரையை ஒரு குடியானவன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தாள். கயேதான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. இப்போது அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே.

"நானே பிடிச்சுட்டு வரேன். வேற எவன் கையும் இது மேல படக்கூடாது" என்றாள்.

கோயில் வாசல்வரை குதிரை நடந்தது. சேணத்தின் அங்கவடிகளில் கயேதானுடைய பூட்சுகள் பின்பக்கம் பார்த்தபடி தொங்கின. பங்குச்சாமியார் கடிவாளத்துக்குக் கை நீட்டினார். பெட்ரோனெலா வார்களை அவிழ்த்து, பூட்சுகளோடு சேணத்தை அவர் காலடியில் போட்டாள்.

"கோயிலுக்கு இது போதும் சாமி. இதுல ஏறினவன் எவன் வீட்டை நெனச்சான்?"

"அண்ணி, மானம் போகுது!"

"போகட்டும். உங்க அண்ணன் போன வழி மானத்துக்கும் தெரியும்."

அடக்கம் முடிந்த அன்று மாலையே ஏர் பூட்டினாள். ஊர் பேசட்டும். கறுப்புப் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு சால் ஓட்டியிருப்பாள், கோயில் மணி அடித்தது. குதிரை நின்று, காதுகளை விடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தது.

ஓங்கிய சாட்டையை அவள் இறக்கினாள். முதுகில் சேணத்தின் தடம் இன்னும் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, மணி ஓயும்வரை நின்றாள்.

"நட" என்றாள்.