அழகன் வெட்டிய கான்

இருபத்தாறு மணி நேரமாக மழை விடவில்லை. நிலக்ஷியைப் பெண் பார்க்க நோட்டன் பிரிட்ஜிலிருந்து அந்த மழையில்தான் வந்தார்கள். வேனை ரோட்டில் விட்டுவிட்டு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறி வருவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா மூக்கன் இரண்டு தடவை சறுக்கி விழுந்தார். இரண்டாவது தடவை கையிலிருந்த பழத்தட்டோடு விழுந்தார். தட்டிலிருந்த ஆப்பிள்கள் லயத்தின் முன்னால் ஓடும் வடிகாலான கானுக்குள் உருண்டன. கான் நிறைய மழைத்தண்ணீர். ஆப்பிள்கள் மிதந்து, ஒவ்வொரு வீட்டு வாசலையும் எட்டிப் பார்த்தபடி போயின.

“விடுங்க. நமக்கு முந்தி அதுங்க பொண்ணு பாத்துட்டுப் போகட்டும்,” என்றார் மூக்கன், சேற்றில் உட்கார்ந்தபடியே.

திரைக்குப் பின்னால் நின்ற நிலக்ஷி வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை துஷாந்த் அப்பாவைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் அவனோடு ஒரே வகுப்பில் புவியியல் படித்தவள் அவள். அவனைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. வீட்டில் இது தெரியாது. தரகர் வீரய்யா கொண்டுவந்த சம்பந்தம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். “பேராதனையாமே, நீ பாத்திருக்கியா?” என்று அம்மா மீனம்மா கேட்டபோதுகூட, “அங்க ஆயிரக்கணக்குல படிக்கிறாங்கம்மா,” என்று தப்பித்துவிட்டாள்.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அப்பா அழகன் தொண்டையைச் செருமினார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க வீட்ல ஒரு வழக்கம். வாசல் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கந்தான் பொண்ணு குடுப்போம். அப்பதான் போன எடத்துல நெலச்சு நிக்கும். தரகர்கிட்டயும் சொன்னேன், அவரு கேக்கல.”

உண்மைதான். பெரிய அத்தை தலவாக்கலை. அடுத்த அத்தை கம்பளை. சின்ன அத்தை கண்டிக்கு அந்தப் பக்கம். தண்ணீர் மகாவலியோடு போகும் வழியை நிலக்ஷி பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததே இல்லை. அத்தைமார் வீடுகளை வரிசையாக எழுதினாள், முழுப் புள்ளி கிடைத்தது.

லயம் இருந்தது மலை முகட்டில். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் துளி மகாவலியோடு திருகோணமலைக் கடலுக்குப் போகும். அந்தப் பக்கம் விழுந்தால் நோட்டன் பிரிட்ஜ் வழியாகக் களனி ஆற்றோடு கொழும்புக் கடலுக்கு. அழகனின் வாசல் மகாவலியைப் பார்த்திருந்தது.

“அப்ப எங்க ஆப்பிளெல்லாம் தலவாக்கலைக்குப் போயிருச்சா?” என்று கேட்டார் மூக்கன்.

“போயிருக்கும்.”

“அப்பா, அது அங்க போகல.”

திரைக்கு வெளியே வந்து நின்றிருந்தாள் நிலக்ஷி. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“என்னா புள்ள சொல்ற? இருபது வருசமா கான் வெட்டுறவன்கிட்டயா?”

“வாங்கப்பா, காட்டுறேன்.”

எல்லோரும் மழையில் இறங்கினார்கள். மீனம்மா கொழுந்து பறிக்கும்போது தலையில் போடும் கொங்காணியோடு வந்தாள். மூக்கன் மூன்றாவது தடவை விழுந்தார். வரிசை வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து, இதென்ன பெண் பார்க்கும் முறை என்று வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசி வீட்டைத் தாண்டியதும் கான் வளைந்து லயத்தின் பின்பக்கம் போனது. அங்கிருந்து மறுபக்கச் சரிவில் கொட்டியது. கீழே ஒரு தேயிலைத் தூரில் முட்டிக்கொண்டு ஆப்பிள்கள் சுழன்றன.

“போன வருசம் மண்ணு சரிஞ்சப்ப, லயத்தக் காப்பாத்த நீங்கதானேப்பா கான இங்கிட்டுத் திருப்புனீங்க?”

அழகன் தண்ணீரையே பார்த்தார். “மண்ணப் பத்தித்தான் யோசிச்சேன். ஆத்தப் பத்தி யாரு யோசிச்சா?”

“இதுக்கு ஆற்றுக் கவர்வுன்னு பேருப்பா.” நிலக்ஷிக்கு மூச்சு முட்டச் சிரிப்பு வந்தது. தலை நனைந்ததுகூடத் தெரியவில்லை. “நம்ம மலை விரிச்ச குடை மாதிரி. நாலா பக்கமும் ஆறு எறங்குது. சில நேரம் ஒரு ஆறு பின்னால அரிச்சுக்கிட்டே வந்து, பக்கத்து ஆத்தோட தண்ணியப் புடிச்சுக்கும். அதுக்கு ஆயிரக்கணக்குல வருசம் ஆகும். நீங்க மகாவலித் தண்ணியக் களனிக்குக் குடுக்க...”

“ஒரு மண்வெட்டியும் ஒரு பகலும் போதுமா இருந்துச்சு,” என்று முடித்தான் துஷாந்த்.

“ஆத்தையே திருடுன ஆளு எனக்குச் சம்பந்தி,” என்றார் மூக்கன். “இங்கருந்து காசல்ரீ அணை, அங்கருந்து நேரா எங்க ஊரு. நாங்கதான் திரும்பிப் போக வீணா வேனுக்கு எண்ணெ அடிச்சோம்.”

அழகனும் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. மகளைப் பார்த்தார், துஷாந்தைப் பார்த்தார்.

“ஏன் புள்ள, நீ ஆரம்பிச்சத அவரு முடிக்கிறாரு?”

“நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்,” என்றாள் மீனம்மா.

“தரகருக்கு நோட்டன் பிரிட்ஜுல ஒருத்தரையும் தெரியாதே. இவங்கள அவருக்கு யாரு காட்டுனது?” என்று கேட்டார் அழகன்.

நிலக்ஷி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

“நான்தான்பா. வீரய்யா மாமாகிட்டச் சொல்லி இவங்கள வரச் சொன்னது நான்தான்.”