இருபத்தொரு தட்டுச் சீர்

கையில் காசில்லாதவன் கண்டபடி செலவு செய்கிற சினிமா என்றால் நம் ஜனங்களுக்கு ஏன் இவ்வளவு சிரிப்பு வருகிறது? ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் எனக்கு இது தீராத சந்தேகம். ஸ்கிரீன் கார்டுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற ஆள், அதை நான் ஒட்டி முடிப்பதற்குள் அந்த மாதிரிக் காமெடி ஒன்றைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். பஞ்சு மில்களில் ஷிப்டைக் குறைத்த இந்த வருஷம் சிரிப்பு இன்னும் கூடித்தான் போயிருக்கிறது. அது எங்கேதான் பிறக்கிறது என்று பார்த்துவிட, நானே யூடியூபுக்கு இருபது நிமிஷப் படம் ஒன்று எடுக்கக் கிளம்பினேன்.

கதை ரொம்பச் சின்னது. வேலை போன தாய்மாமன் ஒருவன், தங்கச்சி மகள் காதுகுத்துக்கு மேளதாளத்தோடு இருபத்தொரு தட்டுச் சீர் கொண்டுபோகிறான். மாமனாக நடிக்க ராஜபாளையத்துக் கூட்டாளி பாண்டிச்செல்வத்தைக் கூப்பிட்டேன். அவன் வாயைத் திறந்தாலே டீக்கடையே சிரிக்கும். அன்றைக்கு என்னவோ அவன் முகம் சுருங்கிவிட்டது.

"மாப்ள ஷாநவாஸு, எனக்கு நெசமாவே மில்லுல வேலை போயி மூணு மாசமாச்சு. தங்கச்சிகிட்ட சொல்லல. அடுத்த வாரம் அவ மகளுக்கும் காதுகுத்து வருது. மாமியா வீட்ல அவ தலை குனிஞ்சிரக் கூடாது. நீ வாயத் தொறந்துராத."

நல்ல மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் கதையை மாற்றியிருப்பேன். எனக்கோ, சொந்தக் கஷ்டத்தை வைத்து இவன் எப்படிச் சிரிக்க வைப்பான் என்று பார்க்கிற ஆசை. பேசிய சம்பளத்துக்கு மேல் ஐந்நூறு தருகிறேன் என்று அவனைச் சம்மதிக்க வைத்தேன்.

தட்டும் மேளமும் சல்லிசாகக் கிடைத்த மம்சாபுரத்தில் படம் பிடித்தோம். தங்கச்சி வெங்கடேஸ்வரியை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் தெருப் பக்கமே போகக் கூடாது என்று பாண்டி நூறு தடவை சொல்லியிருந்தான். தட்டெல்லாம் வாடகை. மேலே ஒரு வரிசை ஆப்பிள், அடியில் கசக்கின பேப்பர். பெண்கள் தட்டோடு நடக்க, பாண்டி மாலையும் கழுத்துமாக நடுவில் வர, நான் ஓரமாக நின்று படம் பிடித்தேன். முன்னால் போன மேளக்காரர் சமுத்திரத்திடம் எந்தத் தெருவில் போக வேண்டும் என்று சொல்ல நான் மறந்துவிட்டேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சீர் என்றால் விசேஷ வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான். வழியில் யாரிடமோ, "காதுகுத்து வீடு எது?" என்று கேட்டு, பின்னாலிருந்து பாண்டி கத்தியது மேளச் சத்தத்தில் காதில் விழாமல், நேராக வெங்கடேஸ்வரி வாசலில் போய் நின்று வெளுத்து வாங்கினார்.

மேளச் சத்தம் கேட்டு அவள் மாமியார் வெள்ளத்தாய் வெளியே வந்தார். ஒரு வாரம் முந்தி வந்தாலும், வாசலுக்கு வந்த சீரை யார் கேள்வி கேட்பார்கள்? மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வந்து ஆரத்தி சுற்றினார். தெருவே கூடிவிட்டது. சுற்றிய பிறகு சீரைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. பாண்டி என்னைப் பார்த்தான். நான் கேமராவை இறக்கவில்லை.

"அத்தே, இது சினிமாவுக்கு. அம்புட்டும் வாடகை. எனக்கு வேலை போயிருச்சு" என்றான் பாண்டி.

தெரு கொல்லென்று சிரித்தது. என் கையில் கேமரா இருக்கும்போது அவன் சொல்வதெல்லாம் வசனம்தானே! "நெசமாத்தான் சொல்லுதேன்" என்று அவன் கெஞ்சினான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. மூன்றாம் தடவை சொல்லும்போது அவன் குரல் உடைந்துபோனது. அதற்கு ஒருவர் கை தட்டினார்.

சிரிக்காமல் நின்றது வெங்கடேஸ்வரி ஒருத்திதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு தட்டிலிருந்த ஆப்பிளை ஒதுக்கினாள். பேப்பர் தெரிந்தது.

"அண்ணன் சொல்லுதது உண்மை, அத்தே. அவியளுக்கு மூணு மாசமா வேலை இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. பாண்டி என்னை முறைத்தான். சத்தியமாக நான் சொல்லவில்லை.

"யாரும் சொல்லலண்ணே" என்றாள் அவள். "ஷிப்டு முடிஞ்சு நேரா வாரேன்னு வாராவாரம் வந்தே. தலையில பேருக்குக்கூட பஞ்சு ஒட்டியிருக்கல."

வெள்ளத்தாய் ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் கொட்டினார். "நான் மாமனுக்குத்தான் சுத்துனேன். வாங்க தம்பி, சாப்பிடலாம். தட்ட எடுத்துட்டு வந்தவிய கொண்டுட்டுப் போகட்டும்."

என்னையும் உட்கார வைத்தார்கள். பாண்டி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?" என்றான்.

"கேட்டா வெக்கப்பட்டு இங்க வாரதையே விட்டுருவே" என்றாள், குழம்பை ஊற்றிக்கொண்டே. "அதான் நானும் ஒவ்வொரு வாரமும், மில்லுல வேலை எப்படிண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."