அடைக்கலத்தின் லாரியில் இன்னொரு ஆள்

1943ஆம் வருடம் மாசி மாதம், அடைக்கலத்தின் லாரியில் உட்கார்ந்து வந்த பெண்ணுக்காகச் செங்கம் சோதனைச் சாவடியில் ஐந்து ரூபாய் அபராதம் போட்டார்கள். அவளை அடைக்கலத்தைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள். சரக்கு லாரியில் டிரைவர், கிளீனர் தவிர வேறு ஆள் ஏறக் கூடாது என்பது சட்டம். அடைக்கலத்துக்குக் கிளீனரும் கிடையாது. ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காயும் புளியும் ஏற்றிக்கொண்டு பதினோரு வருடமாகத் தனியாகத்தான் ஓட்டினான். பெற்றவர்கள் காலராவில் போய்விட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் மலையில் கிடப்பவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை.

"யாருமே இல்லீங்க ஏட்டய்யா," என்று காலி இருக்கையைத் தட்டிக் காட்டினான்.

"அந்தம்மா மடியிலயே தட்றியே, மரியாதை வேணாமா?" என்று அதட்டிவிட்டு ஏட்டு தசரதன் ரசீது கிழித்தார்.

பங்குனியில் கணியம்பாடியில் ஒரு வழக்கு, ஆனிக்குள் இன்னும் இரண்டு. ஐந்தாவதில் லைசென்ஸ் போய்விடும், அவளை இறக்கிவிடு என்றார் முதலாளி ஆதிநாராயணன். அன்று மலைப்பாதை வளைவில் லாரியை நிறுத்தி, இடப்பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அடைக்கலம் வெகுநேரம் நின்றான். இறங்கச் சொல்ல வாய் வரவில்லை. இருக்கை கிழிந்திருந்த இடத்தில் சாக்கை மடித்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். அதன்பின் வழியில் யாரைக் கண்டாலும் அவள் என்ன சேலை கட்டியிருக்கிறாள், முகம் வாடியிருக்கிறதா என்று கேட்டான். ஊரே பார்க்கிற முகம் தனக்கு மட்டும் இல்லையே என்று சில நாள் ஓட்டிக்கொண்டே அழுதான்.

ஐப்பசி மழையில் தசரதன் மறுபடி கை காட்டினார். அடைக்கலம் இறங்கி லைசென்ஸைத் தானே நீட்டினான்.

"எடுத்துக்கங்க. அந்தம்மாவ மட்டும் மழைல வுட்றாதீங்க. வூடு எங்கன்னு கேட்டுக் கொண்டுபோய் வுட்ருங்க."

தசரதன் லாரியின் மறுபக்கம் போய் ஜன்னலோரம் பேசினார். மழைச் சத்தத்தில் இவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து, லாரியின் பர்மிட்டில் கிளீனர் என்ற இடத்தில் ஒரு பெயர் எழுதினார்.

"பேரு செல்லியாம். வூடுன்னு ஒண்ணும் இல்லியாம், உன்கூடவே வர்றேங்குது. இனிமே கேஸ் கெடையாது, போ."

அடைக்கலம் கடைசிவரை அவளைப் பார்க்கவில்லை. செங்கம் சந்தையில் இரண்டு டீ வாங்கி, ஒன்றை இடப்பக்கம் வைப்பான். காலி கிளாஸை எடுக்க வரும் கடைக்காரி மாணிக்கம்மாள் அந்த ஜன்னலில் நின்று சிரித்துப் பேசிவிட்டு, "உன்ன மெதுவா ஓட்டச் சொல்லுது," என்பாள். அவன் மெதுவாக ஓட்டினான்.