இடது மட்கார்டு

ஜெர்மனியில் ஆபரேஷன் முடிந்து, மூன்று மாதம் கழித்துப் பண்ணைக்கு வந்த அன்று, அர்பாப் காரை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் போகவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக ஷெட்டுக்குத்தான் வந்தார். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். காலையிலேயே குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி வாசலில் நின்றிருந்தேன். இந்த வயதில் அப்படி ஒரு ஆசை எனக்கு. மனுஷன் பார்த்ததும் "பாண்டி!" என்று ஒரு சத்தம் போடுவார், தோளில் தட்டுவார் என்று நினைத்தேன்.

அர்பாப் என்றால் இங்கே முதலாளி. ஷார்ஜாவிலிருந்து உள்ளே தள்ளி, அல் தைத் பக்கம் அவருக்கு ஒரு பேரீச்சந்தோட்டம். தோட்டத்தின் நடுவே தகரக் கூரை போட்ட நீள ஷெட். அதற்குள் பதினோரு டிராக்டர்கள், எல்லாம் இங்கிலாந்தில் செய்தவை, எல்லாம் சின்னவை, என்னைவிட வயதில் மூத்தவை. நீல உடம்பும் ஆரஞ்சுச் சக்கரமுமாக ஒரு ஃபோர்ட்சன் டெக்ஸ்டா, சிவப்பில் ஒரு டேவிட் பிரவுன், இரண்டு மாஸி 35. வேறு பணக்காரர்கள் ஒட்டகமும் பருந்தும் வளர்ப்பார்கள், இவருக்கு இது. வாலிபத்தில் இங்கிலாந்தில் படித்தபோது, தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்து விவசாயி ஞாயிற்றுக்கிழமைகளில் தன் டிராக்டரை ஓட்டக் கொடுப்பாராம். அங்கே பிடித்த பைத்தியம். பெரிய அமெரிக்க டிராக்டரைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பெருசா இருந்தா யானைதான், பாண்டி. மனுஷனோட வேலை செய்யாது" என்பார், அரபியும் இந்தியும் கலந்து. கமுதியில் பதினைந்து வருஷம் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன் நான். அங்கே டிராக்டர் என்றால் உழவு, டிரெய்லர், சேறு. இங்கே வந்த புதிதில், ஓடாத வண்டிக்கு ஏசி வைத்திருக்கிறாரே, இது என்ன கூத்து என்று சிரித்திருக்கிறேன். நாலு வருஷத்தில் அந்தக் கிறுக்கு என்னையும் பிடித்துக்கொண்டது. ஆயுத பூஜைக்கு அவருக்குத் தெரியாமல் ஒவ்வொன்றின் பானெட்டுக்கு உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பொட்டு குங்குமம் வைப்பேன்.

பதினொன்றில் ஒன்று மட்டும் தனி. வாசல் ஓரமாக நிற்கும் சாம்பல் நிற ஃபெர்குசன். இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் பானெட் இருக்கும். சாவி திருப்பி ஸ்டார்ட் பண்ணும் வேலையெல்லாம் அதில் இல்லை. கியர் கம்பியை ஒரு பக்கமாகத் தள்ளினால்தான் இன்ஜின் பிடிக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அர்பாப் வந்து அதில் ஏறி உட்காருவார். ஸ்டார்ட் பண்ணுவார். எங்கேயும் போகமாட்டார். அரைமணி நேரம் இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலது கை ஸ்டியரிங்கில் இருக்கும், இடது கை இடது மட்கார்டின் மேல். அந்த மட்கார்டின் பின்பக்கத்தில் ஒரு பள்ளம், உள்ளங்கை அகலத்துக்கு. அதற்குள் கையை வைத்து விரலால் தடவிக்கொண்டே இருப்பார். மற்ற பத்தும் கண்ணாடி மாதிரி மினுங்க, இது மட்டும் நசுங்கி நிற்கிறதே, பாவம், மனுஷனுக்கு அது எவ்வளவு உறுத்தினால் வாராவாரம் இப்படித் தடவுவார் என்று நான் நினைத்தேன். மெக்கானிக் புத்தி. பள்ளத்தைத் தொட்டால் அது பள்ளத்தை எடுக்கச் சொல்வது என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அவர் ஜெர்மனிக்குப் போனார். டிரைவர் சித்தீக் பாயும் லீவில் கீழக்கரைக்குப் போய்விட்டார். பண்ணையில் என்னைக் கேட்க ஆளில்லை. அவர் உயிரோடு திரும்புவாரா என்று வீட்டில் எல்லாரும் பயந்துகொண்டிருந்த நேரம். வந்தால் சந்தோஷப்படட்டும் என்று மட்கார்டைக் கழற்றினேன். சோம்பேறியாக இருந்தால் பள்ளத்துக்கு மேலேயே பட்டி மாவைக் குழைத்து வைத்து மட்டமாக்கி, பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருப்பான். ஒரு நாள் வேலை. நான் அப்படிச் செய்கிறவனா? பழைய பெயிண்டைக் கிரைண்டரால் வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுத்தேன். உள்ளே இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியே சின்னச் சுத்தியலால் பொட்டுப் பொட்டாகத் தட்டி, நாலு நாளில் தகட்டை அதன் பிறந்த வளைவுக்கே கொண்டுவந்தேன். குண்டூசி முனை அளவுக்குக்கூடப் பட்டி வைக்கவில்லை. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அந்தச் சாம்பல் நிறத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கி, கலந்து அடித்தேன். கையால் தடவினால் வழுக்கியது. என் வாழ்க்கையில் அதுபோல ஒரு வேலை செய்ததில்லை. இப்போதும் சொல்கிறேன், அது நல்ல வேலைதான்.

அர்பாப் ஏறி உட்கார்ந்தார். மெலிந்து போயிருந்தார், கந்தூரா அங்கிக்குள் ஆளே இல்லாதது மாதிரி இருந்தது. வலது கை ஸ்டியரிங்குக்குப் போனது. இடது கை பார்க்காமலே பின்னால் போய் மட்கார்டில் இறங்கி, வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார்.

"பாண்டி, வோ கிதர்?" என்று கேட்டார். அது எங்கே என்று.

நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "கலாஸ் அர்பாப்! நயா ஜைசா!" என்றேன். வேலை முடிந்தது, புதுசு மாதிரி ஆக்கிவிட்டேனாம்.

அவர் ஸ்டார்ட் பண்ணவில்லை. மெதுவாக இறங்கினார். தடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

முந்தின ராத்திரிதான் லீவு முடிந்து வந்திருந்த சித்தீக் பாய், காரிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டு ஓடிவந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டு டிரைவர். மட்கார்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"அடப்பாவி, என்ன காரியம்டா செஞ்சு வச்சிருக்க!"

"என்ன பாய், நசுங்குனத எடுத்தேன். அதுக்கு ஏன் இப்படிப் பதறுறீக?"

"அது ஃபவாஸ் நசுக்குனது பாண்டி."

ஃபவாஸ் யார் என்று எனக்குத் தெரியும். கூடத்தில் படம் மாட்டியிருக்கும். அர்பாபின் ஒரே மகன். நான் வேலைக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி, பதினெட்டு வயதில், கார் விபத்தில் போய்விட்டான். அந்த வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. பாய் அன்றுதான் என்னிடம் முதல் தடவையாகச் சொன்னார்.

"ஒம்பது வயசுல அவன் மொதமொதலா ஓட்டுனது இந்த வண்டியத்தான். ரிவர்ஸ் போட்டு, அந்தா சாஞ்சு நிக்கிது பாரு பேரீச்ச மரம், அதுல கொண்டுபோயி சாத்திட்டான். வாப்பா அடிப்பாருன்னு ஓடிப்போயி தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான். இவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'இத எவனும் தொடக்கூடாது, இவன் கல்யாணத்தன்னக்கி பொண்ணுகிட்ட காட்டுவேன்'னாரு." பாய் மூக்கை உறிஞ்சினார். "அவன் மவுத்தானதுலேருந்து அதுலதான் கைய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. உன்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு."

பாய் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏய், பட்டி வச்சுத்தானே மூடியிருப்ப? எல்லாவனும் அப்புடித்தானே செய்வான். சொரண்டுனா உள்ள இருக்கும்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் அர்பாப் கூப்பிடுவதாக ஆள் வந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தார். நாலு வருஷத்தில் அன்றுதான் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"சித்தீக் சொல்றான். உள்ளே இருக்காம். மேலே பூசினதை எடுத்தா வருமாம். வருமா?"

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று எவன் சொல்வான்? நான் சொல்லவில்லை.

"இருக்கு அர்பாப். உள்ள பத்திரமா இருக்கு. ஜும்மாவுக்குள்ள எடுத்துர்றேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய கை அவருக்கு. உடம்பெல்லாம் வற்றியும் கை மட்டும் வற்றவில்லை.

கனகாவிடம் போனில் சொன்னேன். என் வீட்டுக்காரி சாதாரணமாக என்னைப் பேசவிடமாட்டாள். அன்று நான் சொன்னது முழுவதையும் கேட்டாள். "ஏங்க, போயி உண்மையச் சொல்லிருங்க. ஊருக்கு அனுப்புனா அனுப்பட்டும். செத்த புள்ள காரியத்துல பொய் வேணாங்க" என்றாள். "சரி" என்றேன். செய்யவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், வெயிலுக்குப் பயந்து எல்லாரும் படுத்துக் கிடந்த நேரத்தில், மட்கார்டைக் கழற்றி மணல் மூட்டை மேல் வைத்தேன். வேலை தொடங்குவதற்கு முன்னால் பெருமைக்காக எடுத்த போட்டோ ஒன்று போனில் இருந்தது. பள்ளம் எங்கே இருந்தது என்று அதில் தெரிந்தது. எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. சாய்ந்த மரத்தடியில் போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் மரத்தின் வடு அடையாளம் தெரியாமல் போயிருந்தது. விழுந்து கிடந்த பேரீச்சங்கட்டை ஒன்றை எடுத்துவந்து மட்கார்டின் மேல் வைத்து, சம்மட்டியை ஓங்கினேன். கை வரவில்லை. பள்ளத்தை எடுக்கப் படித்தவன் நான், போடப் படிக்கவில்லை. அந்தப் பிள்ளை ஒரே நொடியில், தெரியாமல் செய்ததை, நான் தெரிந்தே செய்ய வேண்டியிருந்தது. முதல் அடிக்கே பெயிண்ட் தெறித்தது. அடித்து அடித்து, என் கையை வைத்து வைத்துப் பார்த்து, மறுபடி அடித்து, போதும் என்று தோன்றியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதோடு விட்டேனா? பள்ளத்துக்குள் பட்டியைப் பூசி, காயவிட்டு, பிறகு சுரண்டினேன். ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகக் கொஞ்சம் விட்டுவைத்தேன். அப்போதுதானே உள்ளேயிருந்து தோண்டி எடுத்தது மாதிரி இருக்கும். திருட்டு வேலைக்கு எவ்வளவு புத்தி ஓடுகிறது பாருங்கள். செய்துகொண்டே அழுதேன். யாருக்காக என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அசர் முடிந்து அர்பாப் வந்தார். சித்தீக் பாய் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். பாய் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், நான் சொன்னேன்ல" என்று என் முதுகில் தட்டினார். நான் டெக்ஸ்டாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அர்பாப் கியர் கம்பியைத் தள்ளினார். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்தது. வலது கை ஸ்டியரிங்குக்கு. இடது கை பின்னால் போனது. பள்ளத்தில் இறங்கியது. கொஞ்சம் நகர்ந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மணிக்கட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். சுண்டுவிரல் வெளியே நின்றது. விரல்களைக் குறுக்கிக்கொண்டார். அப்போது கட்டைவிரல் வெளியே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இறங்கும்போது என்னைத் தேடிப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஜைன், பாண்டி. ஷுக்ரன்" என்றார். நல்லது, நன்றி என்று. தோளில் ஒரு தட்டும் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வழக்கம்போல எல்லா வண்டிகளையும் துடைத்துக்கொண்டு வந்தேன். அந்த மட்கார்டில் காற்று கொண்டுவந்த மணல் படிந்திருந்தது. துணி நழுவி விழ, வெறுங்கையால் வழித்தேன். என் உள்ளங்கை அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது, ஐந்து விரலும் அச்செடுத்தது மாதிரி, ஒரு நூல் இடமில்லாமல்.