ஒரு அள்ளு இலை

மூன்றாவது நாளும் கங்காக்காவுக்கு எடை நிறையாது என்பது காலை பத்து மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தேயிலை நிரையின் தலைமாட்டில் மஞ்சள் மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கங்காணிகளுக்கு எஸ்டேட் கொடுக்கும் கோட்டு அது. இந்தத் தேயிலைக் காட்டில் அதைப் போட்ட முதல் பெண் நான்தான். திங்கட்கிழமை போட்டேன், இன்று புதன். அதற்குள் கழற்றி எறியலாமா என்றிருக்கிறது.

கீழே பனிக்குள் கங்காக்கா இலை வெட்டிக்கொண்டிருந்தார். இலை விழப் பை கட்டிய கத்தரியால் நாலு வெட்டு வெட்டுவார், நிறுத்துவார், வலது மணிக்கட்டை இடுப்பில் தேய்த்துக்கொள்வார், மறுபடி நாலு வெட்டு. ஐம்பத்தேழு வயது. ரிங்லெட் டவுன் கிளினிக்கில் கொடுத்த மணிக்கட்டுப் பட்டையை இரண்டு வருடமாகக் கட்டியிருக்கிறார், அது அழுக்கானதுதான் மிச்சம். வாரத்தில் மூன்று நாள் எடை குறைந்தால் கங்காணி கிராணியிடம் பேர் கொடுக்க வேண்டும். பேர் போனால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். புருஷன் செத்தபிறகு அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான்.

எல்லாம் நாங்கள் கேட்டு வாங்கியதுதான். முன்பெல்லாம் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேல்ரோடு வரை ஏற வேண்டும். லோரி காட்டுக்குள்ளேயே இறங்கி வரட்டும் என்று எஸ்டேட்டை நடத்தும் துரையிடம் போய் நின்றோம். பேசியது நான். எட்டு மாதம் இழுத்தடித்தாலும் பாதை வெட்டிக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கோயிலில் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம். அடுத்த மாதமே, ஏறி இறங்கும் நேரம் மிச்சம்தானே என்று நாள் எடையில் முப்பது கிலோவை ஏற்றினார்கள். சரி, கத்தரி கனமாக இருக்கிறது என்றோம். இலேசான கத்தரி வந்தது, பின்னாலேயே இன்னொரு முப்பது கிலோவும் வந்தது. துரை கெட்டவர் இல்லை. கேட்டதையெல்லாம் கொடுத்தார், அதுதான் தொல்லை.

பழைய கங்காணி பக்கிரிசாமி வேலையை விட்டபோது, "நம்ம ஆளு ஒருத்தி அங்க இருந்தா எடையப் பத்தி எடுத்துப் பேசலாம்லா" என்று என்னைப் பிடித்துத் தள்ளியதே கங்காக்காதான். நானும் போனேன். ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தன் மூட்டை நிறைந்தவள் லோரிக்குப் போகிற வழியில், பின்தங்கியவளின் மூட்டையில் இரண்டு கையாலும் அணைத்த ஒரு அள்ளு இலையைப் போட்டுவிட்டுப் போவாள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நன்றியும் சொல்வதில்லை. ஒரு வருடமாகக் கங்காக்காவின் மூட்டையில் தினமும் நாலைந்து அள்ளு என்னுடையது. அதில்தான் அவர் எடையைத் தொட்டுக்கொண்டிருந்தார். எடை ஏறிய பிறகு மற்றவர்களுக்குத் தங்கள் மூட்டையை நிரப்புவதே பெரும்பாடு, அள்ளிப் போட யாரிடமும் மிச்சம் கிடையாது.

கங்காணிக்கு மூட்டை இல்லை. கத்தரியைத் தொடக்கூடாது என்பது சட்டம். கோட்டை வாங்கி மாட்டியபோது இந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு எட்டவில்லை. திங்கட்கிழமை தராசு முள்ளைப் பார்த்தபோதுதான் எட்டியது. நேற்றே துரையிடம் போய் எடையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். சிரித்தார். "போன வாரம் வரைக்கும் எல்லாரும் அந்த எடையத் தொட்டீங்கதானே" என்றார். உண்மைதான். கங்காக்கா தொட்டது என் இலையால்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

தேத்தண்ணி நேரத்தில் கங்காக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் எனக்கும் ஊற்றினார்.

"ஏன்டி மூஞ்சிய தொங்கப் போட்டிருக்க?"

"கை எப்படிக்கா இருக்கு?"

"கை இருக்கு." சிரித்தார். "நீ பேரைக் குடுத்துரு நவமணி. நீ குடுக்கலன்னா கோட்டப் புடுங்கி வேற எவனுக்காச்சும் மாட்டுவாங்க. அவன் எல்லா பேரையும் சேத்துல்ல குடுப்பான்."

"வீடுக்கா?"

"எம்மவன் கோகிலன் ஈப்போ டவுன்ல இருக்கான்லா. ரெண்டு ரூம்தான் அங்க. மருமக..." மூடியை உதறிவிட்டு எழுந்து போனார். எனக்கு அழுகை வந்தது. கங்காணி அழுதால் நன்றாகவா இருக்கும்?

அதற்குப் பிறகு நிரை நிரையாக நடந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது. நடக்க நடக்க என் விரல்கள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தன. கத்தரி வந்தபிறகு கையால் கிள்ளுவதே மறந்திருந்தது. கிள்ளியதைக் கோட்டுப் பையில் போட்டேன். இரண்டு பையும் உப்பிப்போயின. இருபது வருடம் இலை எடுத்தவளுக்கு அது எவ்வளவு தேறும் என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் கிள்ளினேன்.

இரண்டு மணிக்கு லோரி வந்தது. எடை எழுதும் கிராணி விஜயன் தராசை மாட்டினார். கங்காக்காவின் கடைசி மூட்டை கொக்கியில் ஏறியது. விஜயன் அன்றைய எடையைக் கூட்டிப் பார்த்து, "பதினாறு கிலோ பத்தல" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

நான் மூட்டையின் அருகே போனேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கோட்டுப் பைகளைத் திருப்பி அத்தனை கொழுந்தையும் அதற்குள் கொட்டினேன். விஜயன் தடுக்கவில்லை. என் கை பட்டதில் முள் கொஞ்சம் ஆடியது, பிறகு பழைய இடத்திலேயே வந்து நின்றது.

"கங்காணி, பேரைச் சொல்லுங்க" என்றார் விஜயன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

கங்காக்கா கொக்கியிலிருந்து மூட்டையை இறக்கினார். பட்டை கட்டிய கையால் அதன் வாயைச் சுருட்டிப் பிடித்து, நான் போட்ட கொழுந்தில் ஒரு இலைகூட வெளியே சிந்தாமல், இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.